எந்த வேலைக்கு உங்கள் கை, எந்த வேலைக்கு மெக்கானிக்: பைக் வைத்திருப்பவருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

100 முதல் 125 சிசி வரையிலான சாதாரண பைக்குகளை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். பின்சக்கரத்தில் டிரம் பிரேக், செயின், தினமும் அலுவலகம் போய் வரும் ஓட்டம். ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள் செயின் பகுதியைத் தாண்டிவிடலாம்.

'எல்லாவற்றையும் நானே பார்த்துக்கொள்கிறேன்' என்பவரும் சரி, 'காற்றடிப்பதற்குக்கூட மெக்கானிக்தான்' என்பவரும் சரி, இருவருமே பணத்தை இழக்கிறார்கள். ஒவ்வொரு வேலைக்கும் தனியாக முடிவெடுக்க வேண்டும். அந்த முடிவை எடுக்கும் வரிசைதான் கீழே இருப்பது.

1. முதலில் வாரண்டியைப் பாருங்கள்

ஸ்பேனரைத் தேடும் முன் வண்டியின் வயதைப் பாருங்கள். வாரண்டி காலத்தில் இருக்கும் வண்டிக்கு, இலவச சர்வீஸ்களை உரிய கிலோமீட்டருக்குள் அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் முடித்து, புத்தகத்தில் முத்திரை வாங்கிவிடுங்கள். இரண்டாவது சர்வீஸைத் தவறவிட்டவர், பிறகு இன்ஜின் கோளாறுக்காக வாரண்டி கேட்டுப் போனால் முதலில் அந்தப் புத்தகத்தைத்தான் புரட்டுவார்கள்.

அந்தக் காலத்தில் டயர் காற்று, செயின் தளர்வு, கழுவுதல் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வயரிங்கில் கூடுதல் விளக்கோ ஹாரனோ சேர்க்க வேண்டாம். அதுதான் வாரண்டியை மறுக்க மிகச் சுலபமான காரணம்.

2. ஒவ்வொரு வேலைக்கும் மூன்று கேள்விகள்

தவறாகச் செய்தால் என்ன ஆகும்? காற்று குறைந்தால் மைலேஜ் குறையும். பிரேக் தவறினால் ஆள் விழுவார். இரண்டையும் ஒரே துணிச்சலோடு தொடக்கூடாது.

பழைய நிலைக்குத் திருப்ப முடியுமா? கேபிளை இறுக்கிவிட்டால் திரும்பத் தளர்த்தலாம். அலுமினிய உறையில் மரை போய்விட்டால் திரும்பாது. லேத் பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

நாளைக் காலை வண்டி வேண்டுமா? புதியவர்கள் யாரும் கேட்டுக்கொள்ளாத கேள்வி இது. ஞாயிறு மாலை ஐந்து மணிக்குக் கழற்ற ஆரம்பித்து, ஏழு மணிக்கு ஒரு வாஷர் உடைந்து, கடைகள் அடைத்திருக்க, திங்கள் காலை ஆட்டோ பிடித்துப் போனவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வேலையைக் காலையில் தொடங்குங்கள். அதுவும் பக்கத்து ஸ்பேர் பார்ட்ஸ் கடை திறந்திருக்கும் நாளில்.

3. கருவிகள்: குறைவாக, ஆனால் நல்லதாக

வண்டியோடு வரும் டூல் கிட்டை நம்பாதீர்கள். வழியில் நின்றால் உதவுமே தவிர, இறுகிப்போன நட்டில் அது வளையும். நட்டின் முனைகளையும் மழுக்கிவிடும். மழுங்கிய நட்டைக் கழற்றத் தனிக் கூலி ஆகும்.

உங்கள் வண்டியின் நட் அளவுகளுக்கு ஏற்ற ரிங் ஸ்பேனர்கள், பின் ஆக்சில் நட்டுக்கு நீளமான கைப்பிடி கொண்ட ஒன்று, நல்ல ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், பிளக் ஸ்பேனர், காற்றழுத்தம் பார்க்கும் கேஜ், பழைய ஆயிலைப் பிடிக்க அகலமான ஒரு தட்டு, கிழிந்த பருத்தி வேட்டி. இவ்வளவு போதும். அட்ஜஸ்டபிள் ஸ்பேனரை வாங்கவே வாங்காதீர்கள். எல்லா அளவுக்கும் பொருந்துவதாகச் சொல்லப்படும் அது எந்த நட்டையும் முழுமையாகப் பிடிப்பதில்லை.

கருவியைவிட முக்கியமானது உரிமையாளர் கையேடு. வண்டி வாங்கியபோது கொடுத்த அந்தச் சிறிய புத்தகம் பீரோவில் ஆர்.சி. புத்தகத்தோடு கிடக்கும். செயின் தளர்வு, ஆயில் அளவு, டயர் அழுத்தம் எல்லாம் அதில் இருக்கின்றன. நான் கீழே சொல்லும் எண்களுக்கும் கையேட்டுக்கும் வேறுபாடு இருந்தால் கையேட்டையே பின்பற்றுங்கள்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆயில் மாற்றும் கூலி பெரிய தொகை அல்ல. நல்ல கருவிகள் வாங்கிய செலவு அந்தக் கூலியில் திரும்பிவர ஆண்டுகள் ஆகும். பணம் மிச்சம் என்று மட்டும் நினைத்து இறங்கினால் ஏமாற்றம்தான். வண்டியின் இயல்பான சத்தமும் இழுவையும் கைக்குப் பழகும். அடுத்து மெக்கானிக்கிடம் போகும்போது அவர் சொல்வது உங்களுக்குப் புரியும். லாபம் அங்கே இருக்கிறது.

4. முதல் வேலையாகச் செயினை எடுத்துக்கொள்ளுங்கள்

செயினில் தொடங்கச் சொல்வதற்குக் காரணம், தவறு செய்தால் உடனே தெரியும், திருத்தவும் முடியும் என்பதுதான். கூடவே, ஒரு பகுதியைத் தொட்டால் இன்னொன்று மாறும் என்பதைக் கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல பாடம் இல்லை.

வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி, நியூட்ரலில் வைத்து, சாவியை எடுத்துப் பாக்கெட்டில் போடுங்கள். இன்ஜினை ஓடவிட்டுக்கொண்டு சக்கரம் சுற்றும்போது துணியால் செயினைத் துடைப்பவர்கள் இருக்கிறார்கள். துணியைச் செயின் இழுக்கும், துணியோடு விரலும் போகும். சக்கரத்தைக் கையால்தான் சுற்ற வேண்டும்.

பல வண்டிகளில் செயினை முழுக்க மூடிய கவர் இருக்கும். அதன் அடியில் ஒரு ரப்பர் மூடி உண்டு. அதைக் கழற்றிவிட்டு, செயினின் கீழ்ப்பக்க நடுவை விரலால் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். பெரும்பாலான 100 சிசி வண்டிகளுக்கு 20 முதல் 30 மில்லிமீட்டர் ஆட்டம் இருக்க வேண்டும். ஓரிடத்தில் மட்டும் பார்த்து முடிவுசெய்யாதீர்கள். சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி நான்கைந்து இடங்களில் பாருங்கள். செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்வதில்லை. மிக இறுக்கமாக இருக்கும் இடத்தில்தான் அளவெடுக்க வேண்டும்.

சரிசெய்ய, பின் ஆக்சில் நட்டைத் தளர்த்துங்கள். சில வண்டிகளில் செயின் பக்கம் ஸ்லீவ் நட் ஒன்றும் இருக்கும். அதையும் தளர்த்த வேண்டும். பிறகு இரண்டு பக்க அட்ஜஸ்டர்களையும் கால் சுற்று, கால் சுற்றாக மாற்றி மாற்றித் திருப்புங்கள். இரு பக்கக் கோடுகளும் ஒரே எண்ணிக்கையில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் முன்னே போனால் சக்கரம் கோணலாக நிற்கும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும், செயின் சுற்றும் பல்சக்கரமான ஸ்பிராக்கெட்டின் பற்கள் ஓரத்தில் தேயும்.

இறுக்கமாக இருந்தால் நல்லது என்று நினைப்பதுதான் புதியவர்களின் முதல் தவறு. பள்ளத்தில் இறங்கி பின்சக்கரம் மேலும் கீழும் ஆடும்போது செயினின் இறுக்கம் கூடும். அதற்கு இடம் இல்லையென்றால் சுமை முழுவதும் கியர் பாக்ஸ் ஷாஃப்ட் பேரிங்கின் மேல் விழும். தளர்ந்த செயின் சத்தம் போடும். அதிக இறுக்கமான செயின் சத்தமில்லாமல் பேரிங்கைத் தின்னும்.

இரண்டாவது தவறுதான் முக்கியமானது. என் அக்கா மகன் செயினை அழகாக இறுக்கினான். கோடுகள் சரி, நட் சரி. மூன்றாம் நாள் வந்து, 'மாமா, வண்டி இழுக்கவே இல்லை, கிளட்ச் பிளேட் போய்விட்டது' என்றான். பெட்ரோலும் கூடுதலாகக் குடித்ததாம். மெக்கானிக் அண்ணனிடம் அழைத்துப் போனேன். அவர் இன்ஜினைத் தொடவே இல்லை. ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, பின் டிரம் பக்கத்தில் உள்ளங்கையைக் காட்டிவிட்டு, 'செயின் டைட் செய்தாயா தம்பி?' என்று மட்டும் கேட்டார். டிரம் கொதித்துக்கொண்டிருந்தது.

நடந்தது இதுதான். செயினை இறுக்கச் சக்கரம் பின்னால் நகர்கிறது. பெடலிலிருந்து டிரம்முக்குப் போகும் கம்பியான பிரேக் ராடின் நீளம் மாறுவதில்லை. ஆகவே டிரம்மில் உள்ள பிரேக் கை இழுபட்டு, பிரேக் ஷூ எந்நேரமும் உரசிக்கொண்டே இருக்கிறது. பிரேக் ராடின் முனையிலுள்ள நட்டை இரண்டு மூன்று சுற்று தளர்த்தியதும் வண்டி பறந்தது. செயினைச் சரிசெய்த பின் ஒவ்வொரு முறையும் பிரேக் பெடலின் ஆட்டத்தைப் பாருங்கள். 20 முதல் 30 மில்லிமீட்டர் கீழே போன பிறகு பிரேக் பிடிக்க வேண்டும். பிரேக் விளக்கு எரிந்து அணைகிறதா என்றும் பாருங்கள். அந்த ஸ்விட்சும் பெடலை நம்பித்தான் இருக்கிறது.

2019 ஏப்ரலுக்குப் பின் விற்ற 125 சிசி வரையிலான வண்டிகளில் சிபிஎஸ் (இரு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் அமைப்பு) அல்லது ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) கட்டாயம். சிபிஎஸ் வண்டியில் பின் பிரேக் பெடல் முன் பிரேக்கையும் சேர்த்து இழுக்கும். பின்பக்க நட்டை மட்டும் மனம்போல் திருகாமல், கையேட்டில் சொன்ன வரிசையில் செய்யுங்கள்.

சுத்தம் செய்ய மண்ணெண்ணெயும் பழைய டூத் பிரஷ்ஷும் போதும். பெட்ரோல் வேண்டாம், தீ அபாயம். துடைத்து உலர்ந்த பின் 90 நம்பர் கியர் ஆயிலையோ செயின் ஸ்பிரேயையோ மெல்லியதாக விடுங்கள். சொட்டச்சொட்ட விட்டால் தூசியை இழுத்துச் சேற்றுப் பசையாக்கும். ஸ்பிராக்கெட் பற்கள் சுறா முதுகு போல் ஒரு பக்கம் வளைந்திருந்தால் சரிசெய்வதில் பயனில்லை. செயின், இரண்டு ஸ்பிராக்கெட் மூன்றையும் செட்டாக மாற்ற வேண்டும். அந்த வேலையை மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள்.

கடைசியாக, ஆக்சில் நட். நீளமான ஸ்பேனரில் நன்றாக இறுக்கி, 20 கிலோமீட்டர் ஓட்டிய பின் மீண்டும் ஒருமுறை பாருங்கள். நட் கழன்றுவிடாமல் தடுக்கும் ஸ்பிளிட் பின் இருந்தால் புதியது போடுங்கள்.

5. இரண்டாவது வேலை: இன்ஜின் ஆயில்

கடைக்காரரிடம் 'பைக் ஆயில்' என்று கேட்டால் போதாது. கையேட்டில் உள்ள தடிமன் எண், உதாரணமாக 10டபிள்யூ-30, டப்பாவில் இருக்க வேண்டும். கூடவே 'ஜாசோ எம்ஏ' அல்லது 'எம்ஏ2' என்ற குறியும் வேண்டும். பைக்கில் கிளட்ச் பிளேட்டுகள் இன்ஜின் ஆயிலிலேயே ஊறிக்கொண்டிருக்கின்றன. உராய்வைக் குறைக்கும் பொருள்கள் சேர்த்த கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். வீட்டில் காருக்கு வாங்கி மிஞ்சிய ஆயில் இருக்கிறதே என்று ஊற்றிவிட்டு, பிறகு கிளட்ச் பிளேட் வாங்கியவர்கள் உண்டு.

வரிசை முக்கியம். இன்ஜினை மூன்று நான்கு நிமிடம் ஓடவிடுங்கள். இளம் சூடான ஆயில் அழுக்கோடு வடியும். அதற்கு மேல் ஓட்டினால் அருகிலுள்ள சைலென்சர் மணிக்கட்டைச் சுட்டுவிடும்.

அடுத்து, கீழே உள்ள டிரெயின் நட்டைத் தொடும் முன் மேலே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்துவிடுங்கள். காற்று போக வழி கிடைக்கும் என்பது ஒரு காரணம். அந்த மூடி இறுகித் திறக்க முடியாமல் போனால், கீழே எல்லாம் வடிந்த பிறகு தெரிந்துகொள்வதைவிட முன்னாலேயே தெரிந்துகொள்வது மேல் என்பது இன்னொன்று.

டிரெயின் நட்டைக் கழற்றி முழுவதும் வடியவிடுங்கள். நட்டில் ஒட்டியிருப்பதைத் துணியில் துடைத்துப் பாருங்கள். மிக மெல்லிய சாம்பல்நிறப் பசை இயல்பு. கண்ணுக்குத் தெரியும் உலோகத் துணுக்குகள் இருந்தால் அந்தத் துணியையே மெக்கானிக்கிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

மூடும்போது புதிய வாஷர் போடுங்கள். நட்டை முதல் மூன்று நான்கு சுற்று விரலால் மட்டும் திருப்புங்கள். விரலுக்கு வராத நட் கோணலாக ஏறுகிறது என்று பொருள். கழற்றி மீண்டும் வையுங்கள். ஸ்பேனரை எடுத்து அதை வழிக்குக் கொண்டுவரலாம் என்று நினைக்கும் அந்த ஒரு நொடியில்தான் மரை போகிறது. நட் இரும்பு, இன்ஜின் உறை அலுமினியம். தோற்பது எப்போதும் அலுமினியம்தான். இறுக்கும்போதும் வாஷர் உட்கார்ந்ததை உணர்ந்த பின் சிறிய ஸ்பேனரால் ஓர் இழுப்பு போதும். ஸ்பேனர் மேல் கால் வைத்து மிதிப்பவரை நான் பார்த்திருக்கிறேன். அவர் மறுநாள் எங்கே இருந்தார் என்று சொல்லத் தேவையில்லை.

ஊற்றும் அளவு கையேட்டில் இருக்கும். பெரும்பாலும் ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவு. டப்பாவை முழுவதும் கவிழ்க்காதீர்கள். இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி, ஆயில் கீழே இறங்கும்வரை காத்திருந்து, ஆயில் மட்டம் அளக்கும் குச்சியில் பாருங்கள். குச்சியைத் திருகி அளப்பதா, சும்மா நுழைத்து அளப்பதா என்பது வண்டிக்கு வண்டி மாறும். அதைக் கையேட்டில் பார்க்காமல் அளந்தால் வித்தியாசம் கணிசமாக இருக்கும்.

பழைய ஆயிலைச் சாக்கடையில் கொட்ட வேண்டாம். டப்பாவில் அடைத்து மெக்கானிக் கடையில் கொடுங்கள். அவர்களிடம் சேர்வதை மொத்தமாக எடுத்துப் போக ஆள் வருவார்.

6. எங்கே கையை எடுக்க வேண்டும்

டிஸ்க் பிரேக்கின் ஆயில் பகுதி, முன் ஃபோர்க், இன்ஜின் உறைக்குள் இருப்பவை, ஸ்போக்ஸ் கோட்டம் எடுப்பது, வயரிங். இவை மெக்கானிக்கின் வேலை. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். உள்ளே காற்றுக் குமிழ் நின்றுவிட்டால் பிரேக்கைப் பிடிக்கும்போது லீவர் பஞ்சு போல் அமுங்கும். வீட்டு வாசலில் சரியாக இருப்பது போலவே தோன்றும். பஸ் குறுக்கே வரும்போதுதான் தெரியும்.

2020 ஏப்ரல் முதல் பிஎஸ்-6 என்ற புகை மாசுக் கட்டுப்பாட்டு விதி வந்தபின் பெரும்பாலான பைக்குகளில் கார்புரேட்டர் போய், பெட்ரோல் இன்ஜெக்ஷன் வந்துவிட்டது. மீட்டரில் இன்ஜின் படம் போட்ட விளக்கு எரிந்தால், கணினிக் கருவியை இணைத்துப் பார்க்கத் தெரிந்த இடத்துக்குப் போங்கள். பழைய பழக்கத்தில் 'டியூனிங்' செய்ய எதையாவது திருகாதீர்கள். திருகுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

நடுவில் சிக்கிக்கொண்டால் கழற்றியதை ஒரு பையில் போட்டு அப்படியே ஒப்படைத்துவிடுங்கள். வெட்கப்பட்டு அரைகுறையாக மாட்டிக் கொடுப்பதுதான் மெக்கானிக்கை அலைக்கழிக்கும். எதைக் கழற்றினீர்கள் என்பதை மறைத்தால், அவர் தேடும் நேரத்துக்கும் நீங்கள்தான் கூலி கொடுக்க வேண்டும்.

7. மெக்கானிக்கைச் சிறிய வேலையில் சோதியுங்கள்

வண்டி நின்றுபோன நாளில் மெக்கானிக்கைத் தேடினால் கிடைத்தவர்தான் மெக்கானிக். நன்றாக ஓடும்போதே தேடுங்கள். ஒரு சாதாரண சர்வீஸ் கொடுத்து, பக்கத்தில் நின்று பாருங்கள்.

கழற்றும் முன் கேள்வி கேட்கிறாரா, ஓட்டிப் பார்க்கிறாரா? கழற்றிய நட்டுகளைத் தட்டில் போடுகிறாரா, தரையிலா? மாற்றிய பழைய சாமானைக் கேட்காமலே காட்டுகிறாரா? 'இது இன்னும் ஆறு மாதம் ஓடும், இப்போது வேண்டாம்' என்று ஒரு முறையாவது சொல்கிறாரா? கடைசிக் கேள்விக்கு நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன். 'இந்த வேலை எனக்கு வராது, அங்கே கொண்டுபோங்கள்' என்பவரை விட்டுவிடவே விடாதீர்கள்.

கடையின் அழகை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஏசி அறையில் காபி கொடுத்த ஒரு சர்வீஸ் மையத்தில் ஏர் ஃபில்டர் மாற்றியதாகப் பில் போட்டிருந்தார்கள். பழைய ஃபில்டரின் ஓரத்தில் நான் மார்க்கர் பேனாவால் தேதி எழுதிவைத்திருந்தேன். வீட்டுக்கு வந்து திறந்தால் அதே தேதி என்னைப் பார்த்துச் சிரித்தது. ஃபில்டர், பேட்டரி, பிரேக் ஷூ எது மாற்றினாலும் தேதி எழுதும் பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். மெக்கானிக்கைச் சந்தேகித்துச் செய்யும் காரியமாக நினைக்க வேண்டாம். எப்போது மாற்றினோம் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

சனிக்கிழமை மாலையும், ஆயுத பூஜைக்கு முந்தைய இரண்டு நாள்களும் எந்த நல்ல மெக்கானிக்கையும் சோதிக்க ஏற்ற நேரம் அல்ல. வாட்டர் சர்வீஸ் வரிசை தெரு முனைவரை நிற்கும். வேலை முழுவதும் கடைப் பையன்கள் கையில் இருக்கும்.

8. நோயைச் சொல்லுங்கள், மருந்தைச் சொல்லாதீர்கள்

'கிளட்ச் பிளேட் மாற்றுங்கள்' என்று சொன்னால் மாற்றிவிடுவார்கள். நீங்கள் கேட்டதைச் செய்தார்கள். குறை தீராவிட்டால் அது அவர்கள் தவறு ஆகாது. என் அக்கா மகன் தனியாகப் போயிருந்தால் நல்ல கிளட்ச் பிளேட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, கொதிக்கும் டிரம்மோடு திரும்பியிருப்பான்.

சொல்ல வேண்டியவை: குறை எப்போது ஆரம்பித்தது, காலையில் குளிர்ந்திருக்கும்போதா, ஓடிச் சூடான பிறகா, எந்த கியரில், எந்த வேகத்தில், பின்னால் ஆள் இருந்தால் மட்டுமா. கடைசியாக வண்டியில் என்ன வேலை நடந்தது என்பதையும் சொல்லுங்கள், நீங்களே செய்ததாக இருந்தால் தவறாமல். முடிந்தால் அவரைப் பின்னால் உட்காரவைத்து அந்தச் சத்தத்தை வரவழைத்துக் காட்டுங்கள். சத்தத்தை வாயால் நடித்துக் காட்டுவதைவிட அது வேகமான வழி.

9. சாமானும் கூலியும்

கூலி எவ்வளவு என்று கழற்றும் முன்பே கேளுங்கள். கழற்றிய பிறகு பேரம் பேச உங்களிடம் ஒன்றும் இருக்காது. 'கூடுதலாக ஏதாவது மாற்ற வேண்டியிருந்தால் போன் செய்துவிட்டு மாற்றுங்கள்' என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

சாமானை நீங்களே வாங்கித் தரலாமா என்பதில் என் முடிவு: ஆயில், செயின் செட், டியூப் போன்றவற்றை வாங்கித் தரலாம். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் வரிசையாகக் கடைகள் இருக்கின்றன. ஆனால் இன்ஜின் உள்ளே போகும் சாமானை மெக்கானிக்கே வாங்கட்டும். நீங்கள் வாங்கித் தந்த பிஸ்டன் சரியில்லையென்றால், வேலை கெட்டதற்குச் சாமானை அவர் காட்டுவார், கடைக்காரர் வேலையைக் காட்டுவார். புதுப்பேட்டையில் பழைய சாமான் வாங்குவதாக இருந்தால் கண்ணாடி, சைடு கவர், கேரியர் ஆகியவற்றோடு நில்லுங்கள். பிரேக்குக்குப் பழைய சாமான் கூடாது.

10. தண்ணீரில் நின்ற வண்டி

ஐப்பசி, கார்த்திகை மழையில் நீங்களும் மெக்கானிக்கும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை இது. சைலென்சருக்கு மேல் தண்ணீரில் மூழ்கிய வண்டியைச் செல்ஃப் போட்டோ கிக்கர் உதைத்தோ ஸ்டார்ட் செய்து பார்க்கவே கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால், காற்றைப் போல அது அமுங்காது. வேகமாக ஏறும் பிஸ்டன் அதில் முட்டி, கனெக்டிங் ராடு வளைந்துபோகும். சில நூறு ரூபாய் வேலை முழு இன்ஜின் வேலையாக மாறுவது அந்த ஓர் உதையில்தான்.

சாவியைத் தொடாமல் மேட்டுக்குத் தள்ளிப் போங்கள். பேட்டரியில் நெகட்டிவ் வயரை முதலில் கழற்றுங்கள். பாசிட்டிவ்வை முதலில் தொட்டால், ஸ்பேனர் வண்டியின் சட்டத்தில் படும்போது பொறி பறக்கும். டிரெயின் நட்டில் ஒரு துளி வடித்துப் பார்த்து, ஆயில் பாலில் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. அதற்கு மேல் எதையும் கழற்ற வேண்டாம். மழை நின்ற மறுநாள் எல்லாக் கடையிலும் கூட்டம் இருக்கும். அன்றைக்கு உங்கள் வண்டியை முதலில் உள்ளே தள்ளச் சொல்பவர், ஆறு மாதம் முன்பு சாதாரண சர்வீஸில் நீங்கள் பழகிவைத்த அந்த மெக்கானிக் அண்ணனாகத்தான் இருப்பார்.